வளையம்

துண்டில் எழுதியிருந்தது ஆறு கிழமை.
டொக்டரின் ஆறு, கோழி கிளறியது மாதிரி.
விளங்கவில்லை என்று சொல்ல ஏலாது,
இப்படித் துண்டுகளை வாசிக்கிறதுதான் என் வேலை.

மூன்று வருசமும் நாலு மாதமும்
கொக்குவில் சந்திப் பார்மசியில்
அமலதாசன் என் முகத்தைக் கண்டதும்
கேட்காமலே அட்டையை வெட்டுவான்.
பால்தேத்தண்ணியோடு போடாதேங்கோ,
போட்டவுடன் படுக்காதேங்கோ,
அவ்வளவும் சரியாய்ச் சொன்னான்.
எப்ப நிப்பாட்டுறது என்று மட்டும்
இரண்டுபேரும் கதைக்கவில்லை.

முகம் துடைத்த பீங்கானாய் வந்தது.
வைகாசி வெயிலில் ஸ்கூட்டியில் போனால்
புறங்கை அவிந்து சிவக்கும்.
ஒருநாள் தண்ணி காணாமல் விழுங்கியது
நெஞ்சுக்குள் இரண்டு கிழமை நெருப்பாய் நின்றது.
அதுக்கும் ஒரு குளிசை போட்டேன்.
அக்காவின் கலியாணப் படத்தில்
அக்காவைவிட நான்தான் வெளிச்சம்.

இப்ப ஐப்பசி. மூத்திரம் கடுக்குது.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
எல்லாரும் போன பிறகு
என் போத்தலில் என் பேரை நானே ஒட்டினேன்:
ம. கௌசிகா, பெண், 27.
தட்டில் பரவி, மருந்து வட்டுகளை வைத்து
சூட்டுப் பெட்டியின் கதவை மூடினேன்.

மருந்து கேட்டால்
வட்டைச் சுற்றி வெறும் வளையம் தெரியவேணும்,
மழைக்குள் நின்ற லொறி எடுபட்ட பிறகு
காய்ந்து கிடக்கிற நிலம் மாதிரி.

முதலாவதில் இல்லை.
பக்கத்து வட்டிலும் இல்லை.
விளிம்புமட்டும் வந்து முட்டிக்கொண்டு நிற்குதுகள்,
நாளுக்கொரு குளிசையாய்
நான் படிப்பித்துவிட்ட பிள்ளையள்.

குளிசைக்கு விலாசம் தெரியாது.
கன்னத்துக்கு என்று விழுங்கினாலும்
வழியில் உள்ள எல்லாக் கதவையும் தட்டும்.

‘எதிர்ப்பு’ என்று எழுதினேன். திரும்பவும் எழுதினேன்.
ஐந்தாவது வட்டில் வளையம் இருந்தது,
பதினெட்டு மில்லிமீற்றர்.
அடிமட்டத்தை விலத்தி வைத்து
இன்னொருதரம் அளந்தேன்.

அக்காவின் பெடியனுக்கு ஐந்து மாதம்.
வேலையால் வந்தால் கன்னத்தோடு கன்னம் வைப்பேன்.
அன்றைக்குத் தூக்கவில்லை.
என்னடி என்றாள்.
கை கழுவேல்லை என்றேன்.

பின்னேரம் அமலதாசன் கத்தரிக்கோலை எடுத்தான்.
வேண்டாம் என்றேன்.
“ஏன் மிஸ், முகம் நல்லாத்தானே இருக்கு?”

நாடியில் ஒன்று எழும்பத் தொடங்கியிருந்தது.
தொட்டால் நோ.
தொட்டபடி நின்றேன்.