மூன்று கால் மான்

ஜனவரி. புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்.
கொரமாண்டல் என்கிற இந்த ஊரில்
(சோழமண்டலம்தான்,
பல வாய்கள் உடுத்தி உடுத்தி நைந்துபோனது)
ஆலைக்குள் நீராவிப் பெட்டிகள் சீறுகின்றன.
என் மடியில் கனத்த கம்பளிச் சட்டை,
அடுத்த குளிர்காலத்துக்கு,
அது வருகிற ஊருக்கு.
குளிர் என்று நான் கண்டது
கியூர்பிப் மழை மட்டும்தான்.

நெஞ்சுக்குக் குறுக்கே மான்கள், வரிசையாக.
மேலே வெள்ளைப் புள்ளிகள்.
மான் எங்கள் தீவிலும் உண்டு,
ஷமரேல் பக்கம் பேருந்தை நிறுத்திவிட்டுக் கடந்துபோகும்.
வெள்ளைப் புள்ளிகளைத்தான் ரெஹானா
முதல் வாரம் முழுக்க
அரிசி என்று நினைத்திருந்தாள்.

என் வேலை ஓட்டை பார்ப்பது.
ஒளிப்பெட்டியின் மேல் சட்டையை விரித்தால்
விட்டுப்போன கண்ணி வெளிச்சமாய்க் கசியும்.
அதே நூலால், அதே இழுப்பில், கோத்து மூடுவேன்.
நன்றாகச் செய்தால் நான் செய்ததே தெரியாது.
பதினொரு வருடமாக
நன்றாகத்தான் செய்கிறேன்.

போன மாதம் பாரிசிலிருந்து ஒருத்தி வந்தாள்,
கசங்கிய லினன் உடுப்பு,
கசங்கியிருப்பதற்கே விலை கூட என்றார் மேலாளர்.
உடை என்பது கலை, என்றாள் அவள்,
நீங்கள் எல்லாரும் கலைஞர்கள்.
கை தட்டினோம்.
ரெஹானா தன் அரைகுறைக் கிரியோலில் கேட்டாள்:
கலைக்குத் துண்டுக்கு எத்தனை ரூபாய்?
மொழிபெயர்த்தவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்று மாலை பேருந்தில்
எல்லாருடைய உடையையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.
மாற்றுப் பொத்தான் வைத்த சட்டை ஒன்று.
பூப்போட்ட பாவாடைக்கு உள்ளே வேலைக்கான ஜீன்ஸ்.
மழைக்குத் தலையில் கவிழ்த்த கடைப் பை,
அதையும் ஒருத்தி
காதோரம் அழகாக மடித்துவிட்டிருந்தாள்.
அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

தயாளெனுக்குத் துறைமுகத்தில் வேலை,
சூரை மீன் கிடங்கு, மைனஸ் இருபத்தைந்து.
கம்பெனிக் கோட்டுக்கு உள்ளே அவர் போடுவது
ஆலைக் கடையில் நான் எண்பது ரூபாய்க்கு எடுத்தது:
ஊசி முறிந்து
ஒரு மானுக்கு முன்னங்கால் இல்லை.
இரண்டாம் தரம்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
அந்த அறையில் ஆள் கால்பங்குகூட இல்லை,
கம்பளிதான் உள்ளே போய்
பெட்டி அடுக்கிவிட்டு வருகிறது.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்:
அந்த மானுக்கு ஒரு கால் வைத்துக் கொடேன்.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல்.
நாள் முழுக்க மான்.
கோட்டுக்கு உள்ளே இருக்கிறதை
யார் பார்க்கப்போகிறார்கள்?

நான் பார்க்கிறேன், என்றார்.
கழற்றும்போது.
விரல் மரத்துக் கிடக்கும், ஜிப் பிடிபடாது,
ரெண்டு நிமிஷம் குனிந்தபடியே நிற்பேன்.
அது நேரே கண் முன்னால்
நொண்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் அந்தப் பழுப்பு நூல் இல்லை.
ஆலை வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள்.
இருந்தது மஞ்சள்,
மகளின் பள்ளி நாடகத்துக்குச் சூரியகாந்தி தைத்த மிச்சம்.
சமையலறை விளக்கில் உட்கார்ந்தேன்.
பதினேழு கண்ணி.
குளம்புக்கு இரண்டு சேர்த்துக்கொண்டேன்,
யாரும் கேட்கவில்லை.

காலையில் மடித்துப் பையில் வைக்குமுன்
கட்டைவிரலால் அந்தக் காலை
மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.
நன்றாகத் தெரிகிறது, என்றார்.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது,
இரண்டு பேருக்கும்.