கழித்தல்

விமான நிலைய வாசலில் பெயர் அட்டை பிடித்து நின்றேன்.
கொழும்பிலிருந்து வந்தவர் துவராடையில் வந்தார்.
மழித்த தலையைக் கண்டதும்
என் கால் தானாக ஓரடி பின்னுக்குப் போனது.
ஏழு வயதில், மன்னாரில் பழகிய அடி.

'மதுரையா?' என்றார், உடைந்த தமிழில்.
'மதுரைதான்.'
ஆனையூர் முகாமும் மதுரைதானே.
வண்டி பழங்காநத்தம் காஜா பெயரில் ஓடுவதையும்
நான் சொல்லவில்லை.

சாமநத்தம் என்றது ஒரு கைகாட்டி.
என்ன ஊர் என்று கேட்டார்.
எட்டாயிரம் சமணரைக் கழுவேற்றியதாய் ஒரு கதை, என்றேன்.
யார் ஏற்றினார்கள்?
கதையில் எங்கள் ஆட்கள்.
நெற்றியில் காலையில் பூசிய திருநீறு
வியர்வையில் கசிந்து புருவத்துக்கு வந்திருந்தது.

கீழக்குயில்குடி. தாமரைக் குளம்.
அரிவாள் ஓங்கிய கருப்பசாமிக்கு முன்னால்
இருவருமே செருப்பைக் கழற்றினோம்.
மேலே செட்டிப்புடவில், பாறையில் அமர்ந்தவரைக் கண்டு
அவர் கும்பிட்டார்.
'இவர் புத்தர் இல்லை, ஹாமுதுருவனே. மகாவீரர்.
ஊரார் செட்டியார் என்பார்கள்.'
'பரவாயில்லை' என்று கும்பிட்டு முடித்தார்.
அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று
கேட்காதிருந்தார்.

இறங்கும்போது
சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த
ஒருத்தியின் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில்
சுருட்டை விரியன்.
கல் எப்போது என் கைக்கு வந்ததோ தெரியாது.
ஒரு தடவை போதும்.
நான் நான்கு தடவை போட்டேன்.

டீச்சர் கைதட்டச் சொன்னார்.
நாற்பது பிள்ளைகளும் தட்டினார்கள்.
எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.
அவர் மட்டும் குனிந்து
நசுங்கியதன் பக்கத்தில் உதடசைத்தார்.
கடித்திருக்குமா அது?
கேட்டுப் பார்க்க இனி வழியில்லை.

குளத்தில் கை கழுவும்போது சொன்னார்:
'அனுராதபுரம் முகாமில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள்,
மணிக்கட்டை நீட்டிக்கொண்டு.
நூல் கட்டுவேன். பத்திரமாய் வா என்பேன்.
ஒருவன் கேட்டான், பாவமா என்று.
எண்ணம்தான் வினை, காப்பாற்றும் எண்ணம் சுத்தம் என்றேன்.
எங்கள் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாதி.
சுடும் நொடியில் எவன் நெஞ்சிலும் அந்த எண்ணம் தங்காது,
அது மீதிப் பாதி.
அதை அவனிடம் சொல்லவில்லை.'

என் அண்ணன் வாகீசனும் காப்பாற்றத்தான் போனான்.
மணிக்கட்டில் இல்லை, அவனுக்குக் கழுத்தில் கயிறு,
அதில் தொங்கியது குப்பி.
திரும்பி வா என்று யாரும் அவனிடம் சொன்னதாய்த் தெரியவில்லை.
அந்த நூல் கட்டிய கைகளில் ஒன்றா அவனை...
வாய்வரை வந்தது.
குளத்தில் ஒரு தவளை குதித்தது.

'அப்போ நான் செய்தது தப்பா?' என்றேன்.
பாம்பைத்தான் கேட்டேன்.
வெகு நேரம் பேசவில்லை அவர்.
'பிள்ளையைக் காப்பாற்றினாய். ஓர் உயிரைக் கொன்றாய்.
இரண்டும் உன்னுடையவை.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதே.
கழிக்க ஆரம்பித்தால் அப்புறம்
ஊரே கூடிக் கழிக்கும். தேசமே கழிக்கும்.
கடைசியில் சைபர் என்று எழுதி
அதற்கு ஒரு தூண் நடும்.'

'நீங்கள் கழித்தீர்களா?'

'பதினாறு வருடம் கழித்தேன்' என்றார்.
கணக்கைச் சொன்னாரா, காலத்தைச் சொன்னாரா,
அவர் தமிழில் அது பிடிபடவில்லை.

ஆறு மணிக்குள் முகாமில் கையெழுத்து.
பேனா பிடித்தபோது நகக்கண்ணில்
கழுவியும் போகாத ஒரு கோடு.
பிஸ்கட்டைப் பிரித்தபடி மனைவி கேட்டாள்,
இது ஏது என்று.

ஒரு பிள்ளையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றினேன் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.