பதினைந்து விழுக்காடு

பாடத்திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில்
நானே எழுதிய வரி:
வகுப்பில் பங்கேற்பு, பதினைந்து விழுக்காடு.
எழுதும்போது என்ன நினைத்தாய் என்று
யாராவது இப்போது கேட்டால்
துறைத்தலைவரைக் கைகாட்டுவேன்.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி தன்மேல் மூடி போட்டுக்கொண்டாயிற்று.
இருநூற்று ஆறாம் அறையில் வெப்பக்குழாய்
யாரும் கேட்காமலே பேசுகிறது,
டக், டக், டக்டக்.
அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

வருகைத்தாளின் ஓரத்தில்
பேசியவர்க்கு ஒரு கோடு.
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று.
பிராடி க்விஸ்டின் பெயருக்கு நேரே
வேலி மாதிரி நீண்டுகொண்டே போகிறது.
ஹோடனுக்கு மூன்று.
ரோனா மாகிக்கு நேரே
காலடி படாத பனி.

ரோனா கதவோரம் உட்காருவாள்.
கோட்டைக் கழற்றமாட்டாள்.
இரவெல்லாம் மருத்துவமனைச் சலவையறையில்
அடுத்தவர் காய்ச்சலின் விரிப்புகளை மடித்துவிட்டு
எட்டரைக்கு நேரே இங்கே.

கேள்வி கேட்டபின் ஏழு விநாடி காத்திருங்கள் என்று
ஒரு பயிலரங்கில் சொல்லித் தந்தார்கள்.
காத்திருந்தேன்.
நான்காம் விநாடியில்
பால் பொங்கிவிடும் என்று அடுப்புக்கு ஓடுகிறவனைப் போல
ஓடிவந்தான் பிராடி.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பார்த்தேன்.
சீட்டு எடுக்கவைத்தேன்.
இருவர் இருவராகப் பேசச் சொன்னேன்,
பேசினார்கள்,
ஏரிப்பனியில் துளை போட்டு மீன் பிடிப்பது பற்றி.
சிரித்தார்கள்கூட.
அதற்குக் கோடு போடலாமா கூடாதா என்று தெரியாமல்
பென்சிலைக் கடித்தேன்.

அரைப்பருவம் முடிந்த வாரம்,
வேறு வழி தெரியாமல்,
ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன்.
உங்கள் பங்கேற்புக்கு நீங்களே போடுங்கள்.
பதினைந்துக்கு எத்தனை? ஏன்?

பிராடி:
ஆறு. படித்துவிட்டு வந்து பேசுவதில்லை நான்.
யாரும் பேசாத அறை
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கிறது.
அதனால்தான்.

ஹோடன்:
பதினைந்து. மூன்றுமுறை பேசினேன்.
மூன்றும் சரி.

ரோனா:
பதினாலு.
மார்ச் நான்காம் தேதி தூங்கிவிட்டேன்.

பதினாலா!
கோபம் வந்தது, மறைப்பானேன்.
அவர்கள் ஒருவர்க்கொருவர் படித்துக் குறிப்பெழுதிய
வரைவுக்கட்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்,
பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க.

பிராடியின் கட்டுரை, அப்பாவின் படகை விற்றது.
மேலே பச்சை மையில் என் கையெழுத்து:
நன்று, இன்னும் விரிவாக.
எல்லோர்க்கும் எழுதுவதுதான்.
கீழே பென்சிலில், எறும்பு ஊர்ந்தாற்போல:
இரண்டாம் பக்கத்தில் படகுக்குப் பெயர் இருக்கிறது.
ஐந்தாம் பக்கத்தில் வெறும் படகு.
விற்றதும் பெயரை எடுத்துவிட்டாயா, மறந்துவிட்டாயா?
எடுத்ததென்றால் அப்படியே விடு.

ஹோடனின் தாளில்:
இந்த 'எனினும்' உன்னுடையது இல்லை,
ஆசிரியைக்காகப் போட்டது.

பன்னிரண்டு வரைவுகள்.
பன்னிரண்டிலும் அந்த எறும்பு வரிசை.
ஒன்றில் மட்டும் மடிப்போரம்
சலவைத்தூள் வாசனை.

வியாழக்கிழமை துறைக்கூட்டம்.
பங்கேற்பை அளக்கும் புதிய அட்டவணை பற்றி
ஒன்றேகால் மணி நேரம்.
கதவோர நாற்காலியில் நான்,
கோட்டைக் கழற்றாமல்.
எனக்கும் ஒரு கருத்து இருந்தது.
ஏழு விநாடி
யாரும் காத்திருக்கவில்லை என்று சொல்லலாம்.
காத்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

பிராடிக்கு ஒன்பது போட்டேன்.
அதிகம் என்று சண்டைக்கு வந்தான்.

ரோனாவுக்குப் பதினாலு.
அந்த ஒன்றைத் திருப்பித் தரலாமென்று
கை போகத்தான் செய்தது.
ஆனால் மார்ச் நான்கு எனக்கும் நினைவிருக்கிறது.
நன்றாகத்தான் தூங்கினாள்,
வாய் லேசாகத் திறந்தபடி,
வெப்பக்குழாய்
விடாமல் பேசிக்கொண்டிருக்க.