முந்நூற்றுப் பன்னிரண்டு

காலிக் கெத்தலைக் குலுக்கினால்
எங்கள் வீட்டில் அது பதில் சொல்லும்.
உள்ளே செதில் செதிலாய்
ஆறு மாதத்துச் சுண்ணாம்பு.

வீட்டுக்காரர் கல்லுடைப்பில் லோரி ஓட்டுகிறார்.
பத்து பூத்தே மலையை
நாளுக்கு ஒன்பது நடை
ஈப்போ பக்கம் கொட்டிவிட்டு வருகிறார்.
மிச்ச மலை
பைப்பு வழியாக எனக்கு வந்து சேர்கிறது.

தோட்டத்தை விற்றபின் கிடைத்த இந்தத் தாமான் வீட்டில்
எதைத் தொட்டாலும் ஒரு வெள்ளை.
குவளையின் விளிம்பில், குழாயின் கழுத்தில்,
ஷவரின் பாதித் துளைகளில்.
மீதித் துளைகள் சுவரைத்தான் குளிப்பாட்டுகின்றன.
காய்ந்த பள்ளிச் சீருடை
ஆள் இல்லாமலே நிற்கும்.
சோப்பு நுரைக்காது, தயிராய்த் திரியும்.
பருப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.
எட்டாவது விசிலில்
கையுறை ஃபேக்டரி வேன் வந்து
ஒன்பதாவது விசிலை அதுவே அடிக்கும்.

அசாம் கெப்பிங் போட்டுக் கொதிக்க வை என்றாள்
பக்கத்து வீட்டு சியூ யோக்.
வைத்தேன்.
கெத்தல் பளபளத்தது.
மூன்று நாள் டீ புளித்தது.

போன சனிக்கிழமை ஒரு பையன் வந்தான்,
கழுத்தில் டை, அட்டையில் யுகேந்திரன்.
பேனா மாதிரி ஒன்றைக் குவளையில் விட்டான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றான்.
எதில் முந்நூற்றுப் பன்னிரண்டு?
கேட்கத் தோன்றவில்லை.
காய்ச்சல் பார்த்த நர்ஸின் முகம் அவனுக்கு.

பிறகு இரண்டு கம்பிகளை இறக்கி
சுவிட்சைத் தட்டினான்.
தண்ணீர் பழுத்தது.
முதலில் டீ,
பிறகு காப்பிச் சக்கை,
பிறகு சந்தைக்குப் பின்னால் ஓடும் லோங்காங்.
"இதைத்தான் அக்கா தினமும் குடிக்கிறீங்க."

வாசலில் நின்ற அமுதவல்லி
வாயைப் பொத்திக்கொண்டாள்.
அவள் புருஷனுக்குப் போன வருடம் சிறுநீரகக் கல்.
தண்ணீரால் வந்ததில்லை,
தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று
டாக்டர் சொல்லியும்
அவள் மலையைத்தான் வைதுகொண்டிருந்தாள்.

மாதம் எண்பத்தொன்பது ரிங்கிட்.
மூன்று வருடம்.
இங்கே ஒரு கையெழுத்து.

லோஷினி அறையிலிருந்து வந்தாள்.
படிவம் நான்கு, அறிவியல் பிரிவு,
தலையில் எண்ணெய், வாயில் ஒன்றும் இல்லை.
பையன் கொண்டுவந்திருந்த சுத்தத் தண்ணீரில்
இரண்டு விரல் உப்பைப் போட்டாள்.
கம்பிகளைத் துடைத்து அதில் இறக்கினாள்.
தட்டினாள்.

அதுவும் பழுத்தது.

"கம்பிதான் அண்ணே கரையுது.
இரும்பு."

அப்புறம் ஃபேனின் சத்தம் மட்டும்.
அமுதவல்லிக்கு அடுப்பில் ஏதோ நினைவு வந்து போய்விட்டாள்.
பையன் கம்பிகளைத் துணியில் சுற்றினான்,
சுற்றியதை அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.
அவன் சட்டைக் காலரில்
சலவையில் போகாத அதே வெள்ளைக் கோடு.
"எங்க வீட்லயும் இதே தண்ணிதான் அக்கா."

டீ போட்டேன்.
மேலே வழக்கம்போல் மெல்லிய ஆடை,
எண்ணெய் சிந்திய வாசல் போல.
ஊதி ஒதுக்கிவிட்டு
ஒரே மூச்சில் குடித்தான்.
இன்னும் கொஞ்சம் இருக்கா என்றான்.

போகும்போது பின்வாசலில்
தகரக் கூரைக்குக் கீழே
மழைக்கு வைத்த நீலத் தோம்பைப் பார்த்தான்.
பழக்கதோஷம், பேனாவை விட்டான்.
"பதினாலு!"
பரிசு விழுந்தவன் மாதிரி
எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தான்.
விற்க அதில் ஒன்றுமில்லை.

அன்று இரவு அந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன்.
ஒரு சொட்டு ஷாம்பு.
நெற்றி, காது, முதுகெல்லாம் நுரை.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
மூன்று வாளி ஊற்றியும்
வழவழப்பு போகவில்லை.
மீன் மாதிரி நின்றேன்,
தோம்பு காலியாகிவிட்டது.

கடைசியில் பைப்பைத் திறந்தேன்.
மலை வந்து
ஒரு நிமிடத்தில் அலசிவிட்டது.