ஆறாம் நம்பர் இடம்

கோல் விழுந்த இடத்தில் நிறுத்தாதே,
பத்து நொடி பின்னால் போ என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான்
ஒவ்வொரு ஆட்டத்தையும் பின்னுக்குத் தள்ளுகிறேன்.
காரைக்குடி செக்காலையில், மெத்தைக் கடைக்கு மேலே,
மின்விசிறி கழுத்தைத் திருப்பும்போதெல்லாம்
டக்கென்று சொடுக்குப் போடும் அறை.
இந்த ஆண்டு வாங்கியது முப்பத்தெட்டு.
அத்தனையையும் இரண்டாம் தடவை பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முதலாளி கதி. வயிரவன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார்.
"ரெண்டு ஆளுக்குத்தான் காசு.
எங்கெங்க ஓட்டைன்னு
ஒரே பக்கத்துல எழுதி அனுப்பும்மா."

ஓட்டை எதுவென்று ஊருக்கே தெரிந்திருந்தது.
டீக்கடை ஜபருல்லா
தலையால் முட்டிக் காட்டியதில்
பாதி டீ என் சுடிதாரில்:
கோல் போட ஒருத்தன் வேண்டும்.
கோல்கீப்பருக்கு உயரமான இரண்டு பேர் வேண்டும்.
கோச்சுக்கு விங்கர் வேண்டும்,
அவரே ஒரு காலத்தில் விங்கர்.
ஐசாலிலிருந்து வந்த ரின்டிகா
ஆறு மாதத் தமிழில் சொன்னான்:
"நான் நிக்கிறேன் அக்கா. பந்து வரலே."

சொல்லி முடித்ததும் எல்லாரும்
குரலைத் தாழ்த்திச் சொன்னது ஒரே பெயர்.
முப்பத்தெட்டில் இருபத்தொன்று இடதுபக்கமாக வந்தது.
இடதுபக்கம் சாத்தையா.
குன்றக்குடிக்காரர், வயது முப்பத்திரண்டு,
இரண்டு முறை கத்தி பார்த்த முழங்கால்.

பத்து நொடி பின்னால் போனால்
வேறொன்று தெரிகிறது.
தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால், நடுவில்,
பந்தியில் இலை போட்டும்
ஆள் உட்காராத இடம்போல
ஒரு காலி.
எதிரணிக்காரன் அதில் வந்து நிற்கிறான்.
தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.
ஒருவன் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்,
அவ்வளவு நேரம் இருந்தது அவனுக்கு.
எங்கள் பத்துப் பேரில் ஒருத்தர்தான்
அதைப் பார்த்துவிட்டு ஓடிவருகிறார்,
இடதுபக்கத்தை விட்டுவிட்டு.
பந்து அவர் விட்டுவந்த இடத்துக்குப் போகிறது.
மைதானம் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்:
திரும்பி ஓடுகிற முதுகு,
அதில் மூன்றாம் நம்பர்,
கேலரியிலிருந்து அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை.

எழுதினேன்.
ஒன்று: ஆறாம் நம்பர்.
நடுவில் நிற்பதற்கு ஒருவன்.
பேப்பரில் பேர் வராத ஒருவன்.
நின்றால் போதும்.

இரண்டு என்று அடித்துவிட்டு
கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு
பத்து ஓட்டத்தில் ஏழில் தோற்கிறார்.
நடுவில் யார் வந்து நின்றாலும்
முழங்கால் முழங்கால்தான்.
தினமும் என்னை வீட்டில் இறக்கிவிடுகிறவர் என்பதற்கு
என் அட்டவணையில் கட்டம் இல்லை.
இரண்டு: இடது பின்களம்.
ஐந்து பத்துக்கு அனுப்பினேன்.

ஐந்தரைக்கு ஹாரன் அடித்தார்.
கல்லூரிச் சாலை தாண்டியபின் கேட்டார்,
"என்ன எழுதுன?"
"மொதல்ல ஆறு."
"அடுத்து?"
ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது என்று நினைத்து
"நீங்க" என்றேன்.
வண்டியின் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.
ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு வேகத்தடை,
மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபம்.
"வரிசை சரிதான்" என்றார்.
"நவம்பர்லயே கோச்சுக்கிட்டச் சொன்னேன்,
ஆறு இல்லாம ஆட முடியாதுன்னு."
ரெண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டையூர் கேட் சாத்தியிருந்தது.
ராமேஸ்வரம் போகிற வண்டி கடந்ததும்
அந்தப் பக்கத்துக் கூட்டமும் இந்தப் பக்கத்துக் கூட்டமும்
சாலை முழுக்க அடைத்துக்கொண்டு
தண்டவாளத்தின் மேல் முகத்தோடு முகம்.
எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
"பாத்தியா, நடுவுல ஆளில்ல" என்றார்.
ஸ்டாண்டு போட்டார்.
ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார்.
விந்தி விந்தி நடந்துபோய்
நடுவில் நின்றார்,
ஒரு கையால் லாரியை நிறுத்தி
மறு கையால் பால்காரரை வரச்சொல்லி.

வண்டியை ஓரமாகத் தள்ள
எனக்குத் தெரியவில்லை.
அவர் விட்டுப்போன இடதுபக்கமாக
ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது.