ஐந்தாவது கட்டம்

அவனை முதலில் ஒரு எண்ணாகத்தான் எனக்குத் தெரியும்.
பதினான்கு.
உதெனா அரங்கில், ஆட்ட மேசையில்,
கடிகாரக்காரருக்கு இடப்பக்கம் என் நாற்காலி.
முதல் கால்பகுதிக்குச் சிவப்பு மை, அடுத்ததற்கு நீலம்.
பெயருக்கு நேரே ஐந்து சின்னக் கட்டங்கள்;
தவறு செய்தால் ஒன்றில் ஓர் எழுத்து,
ஐந்தும் நிறைந்தால் எழுந்து போய்விட வேண்டும்.
என் கல்யாணம் நீடித்த ஒன்பது வருடமும்
வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்திருக்கலாம்.

விகௌதாஸ்.
இரண்டு மீட்டர் ஏழு.
பந்தை வளையத்தில் போடுவதற்காக
அவனை எந்த ஊரும் வாங்கவில்லை.
எதிரணியில் எவனாவது அடுத்தடுத்து மூன்று கூடை போட்டுவிட்டால்
பயிற்சியாளர் பெஞ்சின் கோடியைப் பார்ப்பார்,
பெயர்கூடச் சொல்ல மாட்டார்.
இவன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டே வருவான்,
குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டனுப்பியவன்போல.
அடுத்த முறை அந்தப் பையன் வளையத்துக்கு எழும்பும்போது
நடுவானில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.
விசில்.
இவன் கையை உயர்த்துவான்.

கை உயர்த்தும் விதி எப்போதோ போய்விட்டது.
தேவையில்லையப்பா என்று நடுவர்களே சொல்லிப் பார்த்தார்கள்.
இருந்தும் நேராக என் மேசையைப் பார்த்து,
கடைசி வரிசையிலிருந்து 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன்போல,
நான் எழுதி முடிக்கும்வரை இறக்க மாட்டான்.

பிறகு ஊர் ஊராக விலைபோனான்.
போலந்தில் இரண்டு பருவம், தார்த்துவில் ஒன்று.
சைப்ரஸில் ஒரு கிளப் ஐந்து மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
பழைய ஸ்கூட்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது;
உட்கார்ந்தால் அவன் முழங்கால் காதைத் தொடுமாம்.
கஜகஸ்தானில் பத்து நாள் ஒப்பந்தம்,
எட்டு நாள் பனிப்புயல்.

இதெல்லாம் பத்திரிகையில் வந்ததில்லை.
பகலில் நான் மருந்துக்கடையில் நிற்பவள்.
கோடைக்குத் திரும்பினால் வருவான்:
வலி மாத்திரை, இடது முழங்காலுக்குப் பெரிய உறை,
வலதுக்கு அதைவிடப் பெரியது.
சில்லறை பொறுக்கும் நேரத்தில் கேட்பேன், எத்தனை பாயிண்ட்?
"மூன்று."
ஆட்டத்துக்கா?
"மாதத்துக்கு."

முப்பத்தொன்பதில் எங்களிடமே வந்து சேர்ந்தான், மலிவாக.
கடைசி ஆட்டம் என்று யாரும் அறிவிக்கவில்லை.
மருந்துச்சீட்டைப் பார்த்தவளுக்கு அறிவிப்பு எதற்கு.

அன்று நான்கு கட்டங்கள் நிறைந்திருந்தன.
ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி மிச்சம், இரண்டு புள்ளி பின்னால்.
எதிரணியின் பத்தொன்பது வயது ஒல்லிப் பையன்
இடப்பக்கமாக நுழைந்து எழும்பினான்.
விகௌதாஸ் எழும்பவில்லை. எழும்ப வரவில்லை.
விரல் நுனியால் பையனின் மணிக்கட்டைத் தொட்டான்,
சூடா என்று இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அவ்வளவுதான்.
பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது.
மூன்று நடுவர்களில் ஒருவரும் ஊதவில்லை.

ஆட்டம் மறுகோடிக்கு ஓடிவிட்டது.
ஒன்பது பேர் அங்கே.
இவன் மட்டும் இங்கே நின்று
என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

ஐந்து என்று எழுதிய சிவப்பு மட்டை என் முழங்கைக்கடியில்.
பேனா கட்டத்துக்கு மேலே.
கடிகாரக்காரர் "என்ன?" என்றார்.
விசில் இல்லாமல் எழுத்து இல்லை;
இருபத்திரண்டு வருடமாக
மேசைக்கு வரும் புதியவர்களிடம் நான் சொல்லிவருவது.
இல்லை என்று தலையசைத்தேன்.
அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
பிறகு அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு
ஓடினான், காலை இழுத்து இழுத்து.

ஆறு புள்ளியில் தோற்றோம்.
ஆட்டம் முடிந்ததும் நிறையாத கட்டங்களைத்
தடித்த கோட்டால் அடைக்க வேண்டும்.
எல்லாப் பெயருக்கும் கைவாக்கில் இழுத்தேன்.
அவன் பெயருக்கு வந்தபோது
பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்.