இடது குழல்

தேர்தல் முடிந்து பதினேழாம் நாள்
அந்தியூர் ஸ்டேஷனில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ரைட்டர் நோட்டில் எழுதியிருந்தார்:
இரட்டைக்குழல் ஒன்று, நல்ல நிலையில்.
செ. பாவாயி என்று கையெழுத்துப் போட்டேன்.
லைசென்ஸ் என் பேரில்தான்.
க்யூவில் நின்ற ஆண்களுக்கு அதில் இன்னும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து மடக்கித் திறந்து
வானத்துக்கு நேரே பிடித்தேன்.
வலதில் ஒரு வட்டம் வெளிச்சம்,
எதிர் வீட்டு முருங்கை தலைகீழாகக்கூடத் தெரிந்தது.
இடதில் ஒன்றுமில்லை.
இருட்டு என்றால் ஆழம் இருக்கும். இது அடைப்பு.

குளவி.
மண்ணுக்கு அது அலைந்திருக்காது.
ஸ்டேஷனுக்குப் பின்னால் பிடித்துவைத்த மணல் லாரிகள்
வருசக்கணக்காய் நிற்கின்றன.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.
சைக்கிள் கடை நாட்ராயன்: "போக்ஸ் கம்பியை விட்டுக் குத்துங்கக்கா."
பவானி லேத்துப் பட்டறை அர்த்தனாரி:
"எஃகு ராடு ஒண்ணு, முனை தீட்டியே தாரனுங்க."
கொழுந்தனார் பொன்னுரங்கம்:
"ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டா தானாப் போயிருமுங்க அண்ணி."
போகும்.
குழலும் போகும், என் இடது கையும் கூடவே போகும்.

கோயமுத்தூர்க் கடைக்காரர் போனில் பட்டியல் படித்தார்:
மூன்று துண்டாய்க் கழற்றும் கம்பி, பித்தளைத் தலை,
வெண்கலக் கம்பி பிரஷ், கரைப்பான் ஒரு புட்டி,
கப்பலில் வந்த எண்ணெய்.
அவர் சொன்ன தொகைக்கு
ரெண்டு மூட்டை விதைக் கடலைக்காய் வாங்கலாம்.
பிரஷ் மட்டும் பஸ்ஸில் போட்டுவிடுங்க என்றேன்.

எஃகு வேண்டாம்.
குழலுக்குள் போவது குழலைவிட மெத்தென்று இருக்கணும்.
தேய்மானம் வந்தால்
அதுக்கு வரட்டும்.

பர்கூர் கல்மூங்கில் ஒன்றைக் கணுச் சீவி
உடைந்த கண்ணாடியால் வழித்தேன்.
துணிக்குக் கவலையில்லை. மகள் திருப்பூரில் பேக்கிங்;
கட்டிங் வேஸ்ட் கிலோக்கணக்கில் வரும்.
எந்த நாட்டுப் பிள்ளையோ போட வேண்டிய மஞ்சள் பனியன்
அரைச் சாண் துண்டுகளாய் என் முறத்தில்.

எண்ணெய் விட்டால் இரும்பு குளிரும், மண் அசையாது.
தண்ணீர் விட்டால் மண் கரையும், இரும்புக்குச் சீக்கு.
அதனால் முதலில் வெறும் மூங்கில், வெறும் துணி.
பின்னாலிருந்து முன்னால், தோட்டா போகிற திசையில்.
ஒரு தள்ளு. இன்னொன்று. மூச்சுப் பிடித்து இன்னொன்று.

ஜெயித்தவர் கும்பிட்டபடி இருந்த செய்தித்தாளில்
பொத்தென்று விழுந்தது கூடு.
உடைந்த அறைக்குள் பச்சைச் சிலந்திகள், எண்ணினேன், பதினொன்று,
செத்தும் சாகாமலும்.
அவற்றுக்கு நடுவே அரிசி நிறத்தில் ஒரு புழு.
அதை என்ன செய்ய என்று நான் யோசிப்பதற்குள்
கோழி யோசித்துவிட்டது.

பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், புனல் வைத்து.
அந்தச் சூட்டிலேயே குழல் தன்னை உலர்த்திக்கொள்ளும்.
பிறகு மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்.
பிறகு துணி, கறுப்பாய் வந்தது,
துணி, காவியாய்,
துணி, பாதி மஞ்சள்,
துணி, மஞ்சள்.
கடைசியாய் ஒரு பொட்டு எண்ணெய்,
தாளிக்கிற அளவுகூட இல்லை.

மறுபடி வானம் பார்த்தேன்.
இரண்டு வட்டம்.
இடதில் மட்டும், முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே,
மண் ஒட்டியிருந்த இடத்தில் அம்மைத் தழும்பாய் ஒரு வளையம்.
பிரஷ் அதன் மேல் ஏறி இறங்கிப் போகிறது.
இன்னும் தேய்த்திருக்கலாம். உப்புத்தாள் இருந்தது.
நல்ல இரும்பும் சேர்ந்து போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி மக்காச்சோளத்தில் பன்றி இறங்கியது.
வலதில் மட்டும் போட்டு
ஆகாசத்துக்கு ஒரு வெடி வெடித்தேன்.
விடிந்ததும் அதைத் துடைத்தேன்.

மழைக்குப் பின்னால் ஊராட்சித் தேர்தல்.
மறுபடி ஸ்டேஷன், அதே நோட்டு, அதே ரைட்டர்.
இரண்டு குழல் முனையிலும் மஞ்சள் துணி அடைத்து,
மறந்து யாரும் சுட்டுவிடாதபடி
முழ நீளத்துக்கு வால் தொங்கவிட்டிருந்தேன்.
"என்னம்மா இது, சடைக்கு ரிப்பனாட்ட?"

குளவிக்குங்க என்றேன்.
அவர் பேனாவை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எழுதினார்: இரட்டைக்குழல் ஒன்று,
நல்ல நிலையில்.